ஊவா மலைநாடும் ஆய்வுகூடக் கண்ணாடியும்

அருகிலுள்ள பொருளின் நிறத்தைத் தன்னகத்தே காட்டும் பளிங்கினை, நெஞ்சத்து உணர்வைக் காட்டும் முகத்துக்கு உவமையாக எடுத்தாண்டார் திருவள்ளுவர். தன்னிறம் எதனையுங் கலவாது அடுத்ததனை உள்ளவாறே காட்டுதல் பளிங்கின் சிறப்பு. இரசாயன ஆய்வுகூடத்துக் கண்ணாடிக் கலங்களிடத்தும் அறிஞர் எதிர்பார்ப்பது இக்குணத்தையே. குடுவையில் இட்ட நீர் நீராகவே இருத்தல் வேண்டும். அளவியில் வார்த்த அமிலம் வார்த்த செறிவிலேயே நிற்றல் வேண்டும். கலம் தன்னிடத்துள்ள எதனையும் பொருளுக்கு ஈதலும், பொருளிடத்திருந்து எதனையுங் கவர்தலும் ஆகா. இக்குணத்தைக் கண்ணாடி இயல்பாகப் பெற்றிருக்கவில்லை. இரண்டு நூற்றாண்டுக்கு மேற்பட்ட உழைப்பினால் அது சிறிது சிறிதாக ஊட்டப்பட்டது. அவ்வுழைப்பின் பயன் எங்ஙனம் தொலைவிலுள்ள ஒரு மலைநாட்டின் வாழ்வையும் தொட்டது என்பதற்கு ஊவா நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

பதுளைக்குத் தென்கிழக்கே, கடல்மட்டத்திலிருந்து 2,000 மீற்றருக்கு மேல் உயர்ந்து நிற்பது நமுனுகுல மலை. ஒன்பது சிகரங்கள் என்பது அச்சிங்களப் பெயரின் பொருள். வெப்பத்தாலும் அமுக்கத்தாலும் உருமாறிய மிகப் பழைய பாறைகளால் ஆயது இலங்கையின் மலைநாடு. அப்பாறைகளின் முதன்மையான கனியங்களுள் ஒன்று குவாட்ஸ் எனப்படும் படிகக்கல். படிகக்கல்லாவது சிலிக்கா, சிலிக்காவே கண்ணாடிக்கு மூலப்பொருள். மலையின் சரிவுகளிலோ தேயிலை விளைகின்றது. ஆகவே, கண்ணாடி எதனாலாயதோ அப்பொருள் நமுனுகுலவின் பாறையிலும், கண்ணாடியைக் கொண்டு எது ஆராயப்பட்டதோ அப்பொருள் அம்மலையின் மண்மீதும் அமைந்துள்ளன. இவ்விரண்டும் எக்காலத்து எவ்வழியாற் சந்தித்தன என்பதை முறையே நோக்குதல் தகும்.

கலத்தின் குற்றம்

படிகக்கல்லில் சிலிக்கன் அணுக்களும் ஒட்சிசன் அணுக்களும் ஒழுங்கான அடுக்குகளாக அமைந்துள்ளன. அதனை உருக்கிக் குளிர்விக்கும்போது அவ்வொழுங்கு மீளுமுன்னரே உருகுபொருள் இறுகிவிடுமாயின் கண்ணாடி பிறக்கின்றது. ஆயின் தனிச் சிலிக்கா உருகுவதற்கு 1,700 பாகை செல்சியசை ஒட்டிய வெப்பம் வேண்டும். பண்டைய உலைகள் அவ்வெப்பத்தை எட்டவில்லை. எனவே உருகுநிலையைக் குறைக்கச் சோடாவைச் சேர்த்தனர். சிலிக்காவும் சோடாவும் மட்டுஞ் சேர்ந்தாலோ அக்கண்ணாடி நீரிற் கரைந்துவிடும். அதனைத் தடுக்கச் சுண்ணாம்பு வேண்டும். இங்ஙனம் பிறந்ததே சோடாச் சுண்ணாம்புக் கண்ணாடி. அதன் 100 பங்கில் ஏறக்குறைய 72 பங்கு சிலிக்கா, 14 பங்கு சோடா, 10 பங்கு சுண்ணாம்பு. யன்னலும் போத்தலும் இன்றும் இதனாலேயே ஆக்கப்படுகின்றன.

இக்கண்ணாடியின் குறை சோடாவில் உள்ளது. சிலிக்காவின் வலையமைப்பினுள்ளே சோடியம் இறுகப் பிணைபட்டிருப்பதில்லை. வெந்நீர் தொடர்ந்து தீண்டுமாயின் சோடியம் மெல்ல வெளியேறும். நீர் காரத்தன்மை எய்தும். நாளடைவிற் சிலிக்காவுஞ் சிறிது கரையும். கண்ணுக்குப் புலப்படாத இந்நிகழ்ச்சி நெடுங்காலம் அறிஞரை மயக்கியது. நீரை மீண்டும் மீண்டுங் காய்ச்சினால் அடியில் ஒருவகை மண் படிவதைக் கண்ட முன்னையோர், நீரே மண்ணாக மாறுகின்றது என்று கொண்டனர்.

இம்மயக்கத்தைத் தீர்த்தவர் பிரான்சு நாட்டு லவோசியே. 1768 ஆம் ஆண்டில், ஆவி மீண்டும் அதே கலத்துள் ஒடுங்கி விழுமாறு அமைந்த மூடிய கண்ணாடிக் கலமொன்றில் நீரையிட்டு 101 நாள் இடையறாது வெப்பமேற்றினார். முன்னும் பின்னுங் கலத்தையும் நீரையும் நுணுக்கமாக நிறுத்தார். கலமும் நீரும் சேர்ந்த மொத்த நிறை மாறவில்லை. வெறுங்கலத்தின் நிறையோ குறைந்திருந்தது. நீரிற் கண்ட மண் நீரிலிருந்து தோன்றியதன்று, பெரும்பாலுங் கண்ணாடியிலிருந்து கரைந்ததே என 1770 இல் அவர் வெளியிட்டார். பருப்பொருளை நிறுத்தறியும் புதிய இரசாயனவியலுக்கு இப்பரிசோதனை ஒரு வாயிலாயிற்று. கலத்தின் குற்றம் பொருளின் குணமாகத் தோன்றக்கூடும் என்ற எச்சரிக்கையும் அன்றே எழுந்தது. இதற்கு ஒரு நூற்றாண்டின் பின்னர் ஊவாவின் தோட்டங்களுக்கு இரசாயனமும் உயிரியலும் வந்தபோது அவ்வெச்சரிக்கையும் உடன் வந்தது.

மடுல்சீமைக் கோப்பியும் கண்ணாடித் தகடும்

தேயிலைக்கு முன்னர் மலைநாட்டில் விளைந்தது கோப்பி. தென்னிந்தியாவிலிருந்து கங்காணிமாரின் வழியே வந்த தமிழ்த் தொழிலாளரின் உழைப்பினால் அத்தோட்டங்கள் செழித்தன. 1869 ஆம் ஆண்டில், நமுனுகுலவிலிருந்து அதிக தொலைவில்லாத மடுல்சீமைப் பகுதியில், கோப்பி இலைகளின் கீழ்ப்புறத்தே செம்மஞ்சட் பொடி படர்ந்திருப்பதைத் தோட்டத்தார் கண்டனர். பேராதனைப் பூங்காவின் பணிப்பாளரான துவைற்ஸ் அவ்விலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பேர்க்லி என்னும் பங்கசு வல்லுநர் அதனை ஆராய்ந்து, ஹெமிலியா வஸ்ராற்றிக்ஸ் எனப் பெயரிட்டார். பெயரின் பிற்பாதி பாழ்படுத்துவது என்னும் பொருளது. அப்பெயர் மெய்யாயிற்று.

நோய் எங்ஙனம் பரவியது? மண்ணின் வளக்குறைவே காரணம் என்றனர் சிலர். மழையே காரணம் என்றனர் வேறுசிலர். எருவிட்டுப் பார்த்தனர், கந்தகமுஞ் சுண்ணாம்புந் தூவினர். ஐயந்தீர்க்க 1880 இல் அரசு அழைத்த இளம் அறிஞர் ஹரி மார்ஷல் வாட். அவர் கையாண்ட கருவிகளுள் மிக எளியது நுணுக்குக்காட்டிக்குரிய கண்ணாடித் தகடு. ஒட்டும் பொருள் பூசிய தகடுகளைத் தோட்டத்தின் வெளிக்காற்றில் நிறுத்திவைத்தார். பின்னர் எடுத்து நுணுக்குக்காட்டியின் கீழ் நோக்கியபோது, கோப்பி நோயின் வித்திகள் அவற்றில் ஒட்டியிருந்தன. காற்றே வித்திகளைச் சுமந்து செல்கின்றது என்பது இவ்வாறு புலனாயிற்று. நீர்த்துளியில் வித்திகளை முளைக்கவைத்து, அவை நுண்குழாய் நீட்டி இலைவாயினுள் நுழைதலையும் வாட் கண்டறிந்தார். காட்டை முற்றாக அழித்து ஒரே பயிரை மலைமுழுதும் இடைவெளியின்றி நட்டதனாற் காற்றிற்குத் தடையும் வித்திக்குப் பஞ்சமும் இல்லாதொழிந்தன என்ற உண்மையும் அவ்வாய்வினால் விளங்கலாயிற்று.

இங்கு ஒரு நுட்பம் நோக்கற்பாலது. காற்றில் வந்த வித்தியை ஏந்திய பரப்பு கண்ணாடியாக இல்லாதிருப்பின் ஒளி ஊடுருவியிராது. அது கீறலும் கறையும் உடையதாயின் வித்தி எது, கறை எது எனப் பிரித்தறிதல் அரிது. கலமாக அல்லாது வெறும் பரப்பாகப் பயன்பட்டவிடத்தும், தன்னைக் காட்டாது பிறிதைக் காட்டும் அக்குணமே வேண்டப்பட்டது.

காரணம் தெரிந்தது, மருந்து கிட்டவில்லை. 1880களின் இறுதிக்குள் கோப்பித் தோட்டங்கள் பெரும்பாலும் அழிந்து, ஊவாவின் சரிவுகளிலும் தேயிலை ஏறியது. தோட்டம் கைமாறியது, பயிர் மாறியது, கொழுந்தெடுக்கும் கைகள் மட்டும் பழைய தமிழ்க் குடும்பங்களினவாகவே இருந்தன.

மண்ணும் நைதரசனும்

தேயிலை இலைப்பயிர். ஆண்டு முழுவதுங் கொழுந்தைக் கிள்ளுவதால் மண்ணிலிருந்து இடையறாது நைதரசன் வெளியேறுகின்றது. உலர்ந்த கொழுந்தின் நிறையில் 100க்கு 4 பங்கு முதல் 5 பங்கு வரை நைதரசனே. மண்ணில் எவ்வளவு உண்டு, இலையோடு எவ்வளவு போகின்றது என்று அறியாது எருவிடுதல், வரவு செலவு பாராது குடும்பம் நடத்துதலை ஒக்கும். எனவே தேயிலை இரசாயனத்தின் முதல் வினாக்களுள் ஒன்றாக நைதரசன் அளவீடு அமைந்தது. கெல்வே பாம்பர் என்னும் இரசாயனவியலாளர் இலங்கையின் தேயிலை மண்களை ஆராய்ந்து 1900 இல் விரிவான அறிக்கை வெளியிட்டார்.

நைதரசனை அளப்பதற்குச் சிறந்த வழியை 1883 இல் டென்மார்க்கின் யொஹான் கெல்டால் வகுத்தார். மண்ணையோ இலையையோ செறிந்த சல்பூரிக்கமிலத்துடன் குடுவையிற் கொதிக்கவைத்தால், அதிலுள்ள நைதரசன் அமோனியச் சேர்வையாகின்றது. பின்னர்க் காரஞ் சேர்த்துக் காய்ச்சினால் அமோனியா ஆவியோடு எழுந்து, ஒடுக்கியின் வழியே இறங்கி, அளந்துவைத்த அமிலத்தை நடுநிலையாக்குகின்றது. எஞ்சிய அமிலத்தை அளவியால் நியமித்து நைதரசனின் அளவு கணிக்கப்படும்.

குடுவை, ஒடுக்கி, அளவி ஆகிய மூன்றுங் கண்ணாடி. மென்கண்ணாடியாலாய ஒடுக்கியினூடே கொதியாவி செல்லும்போது, அக்கண்ணாடியின் சோடியம் கரைந்து காரமாக அமிலத்துள் விழும். அமிலத்தை நடுநிலையாக்கியது அமோனியாவா, கண்ணாடியின் காரமா என்று அளவி பிரித்துச் சொல்லாது. கண்ணாடி இட்ட பொய் நைதரசன் மண்ணின் கணக்கில் ஏறிவிடும். இத்தவற்றை அஞ்சியே பலர் ஒடுக்கியின் உட்குழாயைக் கண்ணாடிக்குப் பதிலாகத் தகரத்தால் அமைத்தனர்.

இத்தவற்றின் விளைவு ஆய்வுகூடத்தோடு நின்றுவிடுவதன்று. மண்ணில் இல்லாத நைதரசன் இருப்பதாகக் கணக்கிடப்படின் எரு குறையும். எரு குறையின் கொழுந்து தளரும். தோட்டத்தில் கொழுந்து நிறையாலே மதிக்கப்படுவது. குறித்த நிறை சேராத நாளுக்கு அரைப்பேர் இடும் வழக்கம் தோட்டங்களில் இருந்தது. அளவியின் பிழை மலையிறங்கிப் பெண்களின் கொழுந்துக் கூடையிலே தெரியக்கூடும். ஆகவே நல்ல கண்ணாடி வேண்டும் என்னும் வேட்கை அறிஞரின் நுண்மைப் பற்றினால் மட்டும் எழுந்ததன்று. அதனிடத்துப் பிறர் வாழ்வும் அடங்கியிருந்தது.

அந்த நல்ல கண்ணாடி ஜேர்மனியின் யேனா நகரிற் பிறந்தது. கண்ணாடித் தொழிற் குடும்பத்தில் தோன்றிய ஒற்றோ ஷொற், ஒளியியல் அறிஞர் ஏர்ண்ஸ்ற் அபேயுடனும், கார்ல் சைஸ், அவர்தம் மகன் ரொடரிக் சைஸ் ஆகியோருடனும் சேர்ந்து 1884 இல் அங்கே கண்ணாடி ஆய்வுகூடமொன்றை நிறுவினார். மூலகங்களை ஒவ்வொன்றாகக் கண்ணாடியுட் சேர்த்து, அதனால் எக்குணம் கூடுகின்றது, எது குறைகின்றது என முறையாக ஆராய்ந்த முதல்வர் அவர். போரன் ஒட்சைட்டைச் சேர்த்துச் சோடாவைக் குறைத்தபோது, வெப்பத்தால் வெடியாததும் நீராலும் அமிலத்தாலும் எளிதில் அரிக்கப்படாததுமான போரோசிலிக்கேற்றுக் கண்ணாடி கிடைத்தது. சில ஆண்டுகளிலேயே யேனாக் கண்ணாடி உலக ஆய்வுகூடங்களின் முதற்றெரிவாயிற்று.

1914 இல் முதலாம் உலகப் போர் மூண்டபோது அத்தெரிவின் ஆபத்து வெளிப்பட்டது. பேரரசாய் விளங்கிய பிரித்தானியா, தன் ஆய்வுகூடக் கண்ணாடிக்கு ஜேர்மனியையும் ஒஸ்திரியாவையுமே நம்பியிருந்தது. மருந்தும் வெடிமருந்தும் உருக்கும் ஆராயப்படவேண்டிய வேளையிற் குடுவை இல்லை. அவ்வாண்டே ஹேபேர்ட் ஜக்சன் முதலியோர் கண்ணாடிச் சேர்க்கைகளை ஆராய்ந்து தொழிற்சாலைகளுக்கு வழங்கினர். 1915 இல் ஷெபீல்ட் பல்கலைக்கழகத்தில் டபிள்யூ. ஈ. எஸ். ரேணர் கண்ணாடித் தொழினுட்பத் துறையைத் தொடங்கினார். பிரித்தானியாவின் வழியே கலங்களைப் பெற்றுவந்த இலங்கை போன்ற நாடுகள் அத்தட்டுப்பாட்டுக்கு விலக்காக இருந்திருத்தல் இயலாது.

அதே 1915 இல் அமெரிக்காவின் கோர்னிங் தொழிற்சாலை பைரெக்ஸ் என்னும் கண்ணாடியைச் சந்தைக்குக் கொணர்ந்தது. யூஜின் சலிவன், வில்லியம் ரெயிலர் என்போர் வகுத்த இக்கண்ணாடியின் 100 பங்கில் ஏறக்குறைய 81 பங்கு சிலிக்கா, 13 பங்கு போரன் ஒட்சைட்டு, 4 பங்கு சோடா, 2 பங்கு அலுமினா. ஒரு பாகை வெப்பம் ஏறும்போது இது விரியும் அளவு, ஒரு மீற்றர் நீளத்துக்கு ஒரு மீற்றரின் பத்து இலட்சத்தில் 3.3 பங்கு மட்டுமே. சோடாச் சுண்ணாம்புக் கண்ணாடியோ அதனைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு விரியும். அடுப்பிலிருந்து இறக்கிய பைரெக்ஸ் குடுவை குளிர்நீர் பட்டும் பெரும்பாலும் வெடியாதிருப்பதன் காரணம் இதுவே.

கொழுந்து வாட்டும் மாடி

கண்ணாடியின் திருத்தம் ஆய்வுகூடத்துக்குள் மட்டும் அடங்கவில்லை. தேயிலைத் தொழிற்சாலையின் மேல்மாடிக்கும் ஏறியது. பறித்த கொழுந்தைச் சணற்றுணித் தட்டுகளிற் பரப்பி, பல மணிநேரம் காற்றில் வாட்டுவது தேயிலை ஆக்கத்தின் முதற்படி. வாட்டம் குறைந்தால் உருட்டும்போது சாறு வழியும். மிகுந்தால் இலை நொறுங்கும். காற்றின் ஈரத்தை அறிய, ஈரத்துணி சுற்றிய வெப்பமானி ஒன்றையும் சுற்றாத வெப்பமானி ஒன்றையும் அருகருகே தொங்கவிட்டனர். இரண்டும் காட்டும் அளவுகளின் வேறுபாடு மிகுமாயின் காற்று உலர்ந்தது என்றும், குறையுமாயின் ஈரமுடையது என்றுங் கொண்டு சாளரங்களைத் திறப்பதும் வெப்பக்காற்றைச் செலுத்துவதும் முடிவுசெய்யப்பட்டன. உலர்த்தும் பொறியிலும் உள்நுழையும் காற்று, வெளியேறும் காற்று ஆகிய இரண்டின் வெப்பநிலையையும் வெப்பமானியே காட்டியது.

பழைய வெப்பமானிக் கண்ணாடிக்குத் தீய பழக்கமொன்று இருந்தது. கொதிநீரில் இட்டு எடுத்தபின் பனிக்கட்டியில் வைத்தால் அதன் சுழியம் முன்னைய இடத்தில் நில்லாது தாழும். சிலவற்றில் அத்தாழ்வு அரைப்பாகையை எட்டும். வெப்பத்தால் விரிந்த கண்ணாடிக் குமிழ், குளிர்ந்த பின்னரும் உடனே தன் பழைய அளவிற்கு மீளாமையே காரணம். சோடாவும் பொட்டாசும் ஒருங்கே கலந்த கண்ணாடியில் இக்குறை மிகுதி என 1880களிற் கண்டறியப்பட்டது. இரண்டில் ஒன்றை விலக்கி யேனாவில் ஆக்கிய வெப்பமானிக் கண்ணாடியில் அத்தாழ்வு பாகையின் இருபதில் ஒரு பங்களவாகக் குறைந்தது. சில பாகை வேறுபாட்டை நோக்கி வாட்டத்தை முடிவுசெய்யும் மாடியில் அரைப்பாகைப் பிழை சிறிதன்று.

கச்சான் காற்றின் மணம்

ஊவாத் தேயிலையின் தனிப்புகழ் அதன் மணத்தில் உள்ளது. யூலை முதல் செத்தெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைப் பொழிந்துவிட்டு, முகடு கடந்து ஊவாவினுள் உலர்காற்றாக இறங்குகின்றது. தமிழர் இக்காற்றைக் கச்சான் என்பர். பகலில் உலர்ந்த காற்றும் வெயிலும், இரவிற் குளிரும் தாக்கச் செடியின் வளர்ச்சி தளர்கின்றது. விளைவு குறைகின்றது, மணமோ உச்சத்தை எய்துகின்றது. அச்சில கிழமைகளில் ஆக்கப்படும் தேயிலைக்குக் கொழும்பு ஏலத்தில் உயர்ந்த விலை கிடைத்துவந்தது. அம்மணம் யாது என்ற வினாவுக்கு நாவும் மூக்கும் பழகிய சுவைஞர் விடைகூறினரேயன்றி, இரசாயனம் நெடுங்காலம் விடைகூறவில்லை.

1925 இல் சட்டவழி அமைக்கப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம் தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் நிலைபெற்றது. ஊவாவுக்கென அதன் கிளையொன்று பசறையில் அமைந்தது. நிறத்தையும் துவர்ப்பையும் தரும் சேர்வைகளை அறிதல் ஒப்பளவில் எளிதாயிற்று. அவை தேயிலையிற் பெருமளவின. கறுப்புத் தேயிலையின் செந்நிறத்துக்குக் காரணமான தியோபிளேவின் முதலியவற்றை 1950களில் ஈ. ஏ. எச். றொபேட்ஸ் தாள் நிறப்பகுப்பு முறையால் பிரித்தறிந்தார். மணச்சேர்வைகளோ தேயிலை நிறையில் 10,000க்கு ஒரு பங்கு அல்லது இரு பங்கு மட்டுமே. ஒரு கிலோகிராமில் ஒரு கிராமின் பத்தில் ஒன்றோ இரண்டோ. அச்சிற்றளவினுள் நூற்றுக்கணக்கான சேர்வைகள் கலந்துள்ளன. அவை எளிதில் ஆவியாவன, வெப்பத்தாற் சிதைவன.

இவற்றைப் பிடிப்பதற்கு முதலிற் கண்ணாடி வாலை உதவியது. குறைந்த அமுக்கத்திற் காய்ச்சி, ஆவியைக் குளிர்வித்து, ஈதரால் மணச்சேர்வைகளைப் பிரித்தெடுத்தனர். அடுத்து வாயு நிறப்பகுப்பு வந்தது. நுண்குழாயொன்றின் உட்சுவரில் மெல்லிய திரவப் படலம் பூசி, மணக்கலவையை வாயுவுடன் செலுத்தினால், ஒவ்வொரு சேர்வையும் அப்படலத்தில் வெவ்வேறளவு தங்கி, வெவ்வேறு நேரத்தில் மறுமுனையை அடையும். 1960களில் யப்பானிய இரசாயன அறிஞர் தெய் யமனிஷியும் தேயிலை ஆராய்ச்சி நிலையத்து உயிரிரசாயனவியலாளர் ஆர். எல். விக்கிரமசிங்கவும் இம்முறையால் இலங்கைத் தேயிலையின் மணத்தை ஆராய்ந்தனர். லினலூல், அதன் ஒட்சைட்டுகள், மெதயில் சலிசிலேற்று முதலியன ஊவா மணத்தில் முதன்மையானவை என்பது இத்தகைய ஆய்வுகளால் நிலைபெற்றது. மெதயில் சலிசிலேற்று நோவெண்ணெய்களிற் பழகிய மணம். தேயிலையில் அது சிற்றளவில் நின்று குளிர்ந்த கூர்மையைத் தருகின்றது. உலர்காற்றின் தாக்கம் இலையினுள் மணச்சேர்வைகளின் ஆக்கத்தை எங்ஙனந் தூண்டுகின்றது என்பதற்கு விக்கிரமசிங்க 1974 இல் ஒரு விளக்கமும் முன்வைத்தார்.

இங்குங் கலத்தின் குற்றம் குறுக்கிட்டது. நுண்குழாய் உலோகமாயின் சில சேர்வைகள் அதன் சுவரிற் பட்டுச் சிதைந்தன. சாதாரணக் கண்ணாடியாயின் அதிலுள்ள சோடியம், கல்சியம் முதலியவற்றால் லினலூல் போன்ற மென்சேர்வைகள் பற்றப்பட்டோ உருமாறியோ போயின. இல்லாத சேர்வை தோன்றவும் உள்ள சேர்வை மறையவும் இடமிருந்தது. லவோசியேயின் நீரில் மண் தோன்றிய கதையே வேறுருவில் மீண்டது. 1979 இல் டண்டனோ, செரனர் என்னும் இருவர் தூய சிலிக்காவாலேயே நுண்குழாயை இழுத்து ஆக்கிக் காட்டினர். சோடா இல்லை; சுண்ணாம்பு இல்லை; பிற உலோகங்களின் அளவோ பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்குங் குறைவு. தையல் நூலின் தடிப்பளவான அக்குழாய், வெளியே மெல்லிய பிளாத்திக்குப் பூச்சுப் பெற்று, கம்பிச்சுருள்போல் வளையத்தக்கது. 30 மீற்றர் நீளமுள்ள அக்குழாயினுள் ஊவாத் தேயிலையின் மணம் தன் சேர்வைகளாகப் பிரிந்து, ஏறக்குறைய சிதைவின்றி வெளிவருகின்றது. சோடாவைச் சேர்த்துத் தொடங்கிய கண்ணாடியின் வரலாறு, சோடாவை முற்றாக நீக்கிய சிலிக்காவில் வந்து நின்றது.

மணலும் படிகக்கல்லும்

இவ்வளவு கண்ணாடியும் ஊவாவுக்கு வெளியிலிருந்தே வந்தது. அதனால் இலங்கை கண்ணாடி அறியாத நாடு எனக் கொள்ளுதல் பொருந்தாது. வடமேற்கு மாகாணத்துக் கிரிபாவ என்னுமிடத்தில், ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் மணலிலிருந்து கண்ணாடியை ஆக்கிய பெரிய உலைகளைத் தொல்லியலாளர் கண்டறிந்துள்ளனர். மாந்தைத் துறைமுகத்திலும் தமிழகத்து அரிக்கமேட்டிலும் கண்ணாடி மணிகள் கோக்கப்பட்டுக் கடல்கடந்து சென்றன. அன்று வேண்டப்பட்டது நிறம். இரும்பும் செம்பும் கலந்து மணிக்கு அழகூட்டின. ஆய்வுகூடக் கண்ணாடிக்கு வேண்டுவதோ அவற்றின் இன்மை.

மூலப்பொருளும் நாட்டில் உண்டு. நாத்தாண்டியாப் பகுதியிலும், யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிழக்கே அம்பன், வல்லிபுரம் முதலிய இடங்களிலும் சிலிக்கா மணல் பரந்துள்ளது. மலைநாட்டில் கலஹா, ரத்தொட்ட முதலிய இடங்களில் வெண்படிகக்கல் பாறைப் பிளவுகளை நிரப்பி நிற்கின்றது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இறக்குமதி தடைப்பட்டபோது அரசு தொடங்கிய தொழில்களுள் நாத்தாண்டியாக் கண்ணாடித் தொழிலும் ஒன்று. 1955 இல் இலங்கைக் கண்ணாடிக் கம்பனி உருவாயிற்று. பிற்காலத்தில் அதன் உற்பத்தி ஹொறணைக்கு மாறியது. ஆயினும் ஆக்கப்பட்டது போத்தல். குடுவையும் அளவியும் பெரும்பாலும் இறக்குமதியாகவே இருந்துவந்தன.

இதற்குக் காரணங்கள் உண்டு. போரோசிலிக்கேற்றுக் கண்ணாடிக்கு வேண்டிய போரன் கனியம் துருக்கியிலும் அமெரிக்காவிலுமே பெருமளவிற் கிடைக்கின்றது. மணலில் இரும்பு சிறிது மிகினும் கண்ணாடி பச்சைநிறம் எய்தும். படிகக்கல்லின் பளிங்கமைப்பினுள்ளேயே அலுமினியமும் லிதியமும் அணுவளவிற் புகுந்திருப்பதால், வெறுங்கழுவலால் அது தூய்மை அடையாது. குடுவையை ஊதி உருவாக்குவது தனிக்கலை. பல்லாண்டுப் பயிற்சி வேண்டுவது. அயல்நாடாகிய இந்தியா இத்தடைகளை ஒவ்வொன்றாகத் தாண்டியது. 1950 இல் கல்கத்தாவில் மத்திய கண்ணாடி, மட்பாண்ட ஆராய்ச்சி நிலையம் திறக்கப்பட்டது. ஆத்மா ராமின் தலைமையில் அது ஒளியியற் கண்ணாடியையும் ஆக்கியது. 1962 இல் போரோசில் நிறுவனம் தோன்றி, ஆய்வுகூடக் கலங்களை நாட்டினுள்ளேயே வழங்கலாயிற்று. போரனை வெளியிலிருந்து பெறினும், 100 பங்கில் 81 பங்கான சிலிக்காவும் ஆக்குந்திறனும் உள்நாட்டினவாக இருத்தல் இயலும் என்பதற்கு இது சான்று. படிகக்கல்லை உடைத்தும் அரைத்தும் ஏற்றுமதி செய்து, அதே மூலகங்களாலாய கலத்தைப் பன்மடங்கு விலைகொடுத்து வாங்கும் நாடு, 1914 இல் பிரித்தானியா நின்ற இடத்திலேயே நிற்கின்றது.

கலம் மட்டுமன்று, கலத்தைக் கையாளும் கல்வியும் இங்குக் கருதற்குரியது. தோட்டப் பாடசாலைகள் நெடுங்காலம் நாட்டின் பொதுக் கல்வியமைப்பினுள் சேர்க்கப்படவில்லை. 1970களின் பிற்பகுதியிலிருந்தே அரசு அவற்றைப் படிப்படியாகப் பொறுப்பேற்றது. அதற்கு முன்னர் ஊவாவின் மண்ணையும் இலையையும் மணத்தையும் ஆராய்ந்த குடுவைகள், அவ்விலையைக் கொய்தவர்தம் பிள்ளைகளின் கைக்கு எட்டுதல் அரிதாயிருந்தது. ஒரு நூற்றாண்டு ஆராய்ச்சிக்குப் பொருளாயிருந்த மலையில் ஆராய்வோர் மிகச்சிலரே பிறந்தமைக்கு அறிவுக்குறை காரணமன்று. சோதனைக்குழாய் இன்மையே காரணம்.

2005 இல் பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. கனியவளத் தொழினுட்பமும் தேயிலைத் தொழினுட்பமும் அங்கு ஒருங்கே பயிலப்படுகின்றன. நமுனுகுலவின் பாறையும் அதன் மேல் விளையும் இலையும் ஒரே நிறுவனத்துட் பாடமாகியமை ஊவாவின் வரலாற்றிற் புதியது. படிகக்கல்லைத் தூய்மையாக்கும் அறிவும், தூய கலத்தில் இலையை ஆராயும் அறிவும் அங்கே ஒன்றையொன்று நாடுமாயின், நூற்றைம்பது ஆண்டாக வெளியிலிருந்தே வந்த கண்ணாடியின் ஒரு பகுதியேனும் மலைநாட்டிலிருந்து புறப்படுதல் கூடும். மடுல்சீமையின் காற்றில் நிறுத்திய கண்ணாடித் தகடு முதல் மணத்தைப் பிரிக்கும் சிலிக்காக் குழாய் வரை, கலம் திருந்தியபோதெல்லாம் ஊவாவைப் பற்றிய அறிவுந் திருந்தியது. தோட்டப் பாடசாலை ஒவ்வொன்றிலும் நல்ல குடுவையும் அளவியும் அவற்றைக் கற்பிக்கும் ஆசிரியரும் இருக்கச்செய்தலே அவ்வறிவு இனி மேற்செல்வதற்கு முதற்படியாகும்.